எஸ்சிட்டலோபிராமிலிருந்து வோர்டியாக்செட்டினுக்கு மாறுகிறேன்: கூச்சத்துக்கும் கேட்குமா?

ஜனவரி 5, இரவு 11.40

நேராகக் கேள்விக்கு வருகிறேன். மனச்சோர்வும் சமூகப் பதற்றமும் சேர்ந்து இருப்பவர்களில் யாராவது எஸ்சிட்டலோபிராமை விட்டு வோர்டியாக்செட்டினுக்கு மாறியிருக்கிறீர்களா? மனச்சோர்வுக்குப் பலன் இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். நான் கேட்பது இரண்டாவதைப் பற்றி. நாலு பேர் இருக்கிற அறையில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது சூடாகிறதே, அதற்கு.

எஸ்சிட்டலோபிராம் 20 மி.கி., இரண்டு வருடம் ஆகிறது. படுக்கையை விட்டு என்னை எழுப்பியது அதுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வருடமாக எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கிறது. அழுகை வருவதில்லை. சிரிப்பு தாமதமாக வருகிறது. படுக்கையறை விஷயத்தை இங்கே எழுதப் போவதில்லை, இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இத்தனை மரத்துப்போன பிறகும் கூச்சம் மட்டும் மரக்கவில்லை. பாதி குறைந்தது, மீதிப் பாதி காலி செய்ய மறுக்கிற குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நாளை முதல் பழையது 10, புதியது 5. ஒரு வாரம் கழித்துப் பழையது 5, புதியது 10. மூன்றாவது வாரம் பழையது கிடையாது. இது எனக்கென்று என் டாக்டர் போட்ட கணக்கு. யாரும் இதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோலை இன்றே நிரப்பி வைத்தேன். 24 சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று தலா 0 முதல் 3 வரை போட வேண்டும். உச்சம் 144. எனக்கு 81: பயம் 43, தவிர்ப்பு 38. மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9இல் 27க்கு 14.

ஜனவரி 9

குமட்டல். வாந்தி இல்லை, வரும் வரும் என்று பயம் காட்டிவிட்டுப் போகிறது. இந்த மாத்திரையில் அதிகம் பேருக்கு வருவது இதுதானாம். இந்த மாத்திரைகள் குறிவைக்கிற வேதிப்பொருள் செரோடோனின். உடம்பிலுள்ள அதில் பத்தில் ஒன்பது பங்கு குடல் பக்கம்தான் இருக்கிறது, மூளைக்கு அனுப்பிய கடிதத்தை வயிறு பிரித்துப் படிக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டவருக்கு: எப்படியும் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் எனக்குத் தாங்கவில்லை, அதனால் பின்.

ஜனவரி 14

ஒன்பதாம் நாள். வேலை செய்யவில்லை. தண்டச் செலவு. இன்று லிஃப்டில் ஒருவர் "எந்த மாடி?" என்று கேட்டார், என் மாடி எனக்கே மறந்துபோனது. பழையதிலேயே இருந்திருக்கலாம்.

ஜனவரி 15

நேற்று எழுதியது எனக்கே கூச்சமாக இருக்கிறது. திட்டியவர்கள் திட்டியது சரி. ஒன்பது நாளில் முடிவு சொல்ல முடியாது. மாத்திரை செரோடோனினை உறிஞ்சும் வாயிலைப் பிடிக்கச் சில மணி நேரம் போதும், ஆனால் மனம் அதை உணர இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். சமூகப் பதற்றத்துக்கு இன்னும் நீளம், 12 வாரம் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பக்கவிளைவு முதல் நாளே வந்து கதவைத் தட்டுகிறது, பலன் மட்டும் அடுத்த மாதம்.

விளையாட்டில்லாமல் ஒன்று. ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் சிலருக்கு உள்ளே ஒரு நிலைகொள்ளாமை வரும், இருட்டான எண்ணங்கள் கூடும். அமெரிக்காவில் 2004இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் என்று கட்டம் போட்டு எச்சரிக்கை வைத்தார்கள், 2007இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். எனக்கு 34. ஆனாலும் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: சாகலாம் என்ற நினைப்பு புதிதாக வந்தாலும் சரி, பழையது கூடினாலும் சரி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே, அன்றே கூப்பிடு. வீட்டிலும் ஒருவரிடம் இதைச் சொல்லி வைக்கச் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். மாத்திரையைவிட அந்தப் பேச்சு கசந்தது.

ஜனவரி 18

சளி, இருமல். வீட்டில் இருந்த இருமல் மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். இது செரோடோனின் பக்கமும் கை வைக்கிற சரக்கு, நாம் சாப்பிடும் மாத்திரைகளோடு சேரக் கூடாது. டிரமடால் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான். மூலிகைதானே என்று சொல்லி விற்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் அப்படித்தான்.

மருந்துக் கடைக்குப் போன் செய்து கேட்டால் இரண்டு நிமிட வேலை. கேட்க வேண்டியதை எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எண்ணை அழுத்த எனக்கு 40 நிமிடம் ஆனது. அந்தப் பக்கம் "வேண்டாம், வேறு தருகிறேன்" என்றார்கள். பதினைந்து விநாடியில் முடிந்துவிட்டது.

செரோடோனின் மிஞ்சினால் என்ன அறிகுறி என்று படித்தேன்: வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அமைதியின்மை, வயிற்றுப்போக்கு. இந்தப் பட்டியலை நம்மிடம் காட்டினால் "இது என் திங்கட்கிழமை காலைக் கூட்டம்" என்போம். ஆனால் காய்ச்சல் ஏறுவதும் தசை விறைப்பதும் குழப்பமும் சேர்ந்தால் அது கூட்டமல்ல, அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டிய விஷயம்.

ஜனவரி 23

பழையதை நிறுத்தி மூன்று நாள். புதியது 10இல் இருக்கிறேன். நேற்றிலிருந்து கண்ணை வலப்பக்கம் திருப்பினால் தலைக்குள் 'விர்ர்' என்று கரண்ட் அடிக்கிறது. வலி இல்லை, அரை விநாடி உலகம் விட்டுப்போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி. தலைசுற்றல். காரணமே இல்லாமல் எரிச்சல். வோர்டியாக்செட்டின் எனக்கு ஒத்துவராது போலிருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் நிறுத்தச் சொல்லப் போகிறேன்.

ஜனவரி 24

திருத்தம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கீழே ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "எது உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது?" அதுதான் விஷயம். எஸ்சிட்டலோபிராமின் அரை ஆயுள், அதாவது உடம்பில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 30 மணி. நிறுத்திய ஆறாவது நாள் வாக்கில் உடம்பில் ஏறக்குறைய காலி. அது வெளியேறும்போது உதைத்துவிட்டுப் போகிறது. வந்தவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன். இதே கரண்ட் அடிக்கும் உணர்வு வென்லாஃபாக்சினையும் பாராக்செட்டினையும் விடுபவர்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கும் என்கிறார்கள், இரண்டும் சீக்கிரம் வடிந்துவிடும் ரகம். ஃபுளுவாக்செட்டின் நேர் எதிர், அதிலிருந்து பிறக்கும் பொருள் வாரக்கணக்கில் தங்கி மெல்ல இறங்கும்.

யோசித்துப் பார்த்தால் 9ஆம் தேதிக் குமட்டலையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது, நடுவில் நான். இந்த மூன்று வாரம் நான் எழுதிய தீர்ப்புகள் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 31

கரண்ட் நின்றது.

பிப்ரவரி 2

இன்று அழுதேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. யாரோ ஒரு வயதானவர் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நடைபாதையில் நின்றுகொண்டு அழுதேன். அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது: இது உணர்ச்சி திரும்பி வருவதா, சோர்வு திரும்பி வருவதா?

அக்காவிடம் கேட்டேன். "அழுது முடித்து என்ன செய்தாய்?" என்றாள். அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன் என்றேன். "அப்போ சோர்வு இல்லை" என்று போனை வைத்துவிட்டாள். டாக்டருக்குப் படித்தவள் இல்லை, ஆனால் என் சோர்வைக் கூடவே இருந்து பார்த்தவள்.

பிப்ரவரி 3

"எல்லாம் வெறும் நம்பிக்கை, சர்க்கரை மாத்திரை கொடுத்தாலும் இதேதான்" என்றவருக்கு. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஒப்பீட்டில் 21 மருந்துகள், 522 ஆய்வுகள், 1,16,477 பேர். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றுதான் வந்தது. எவ்வளவு மேல் என்றால், சராசரியில் கொஞ்சம்தான். அதுவும் பெரும்பாலும் எட்டு வாரக் கணக்கு. நீங்கள் குறிப்பிட்ட 2022 கட்டுரை சொன்னது வேறு: செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று. அது காரணத்தைப் பற்றிய பேச்சு. தலைவலி பாராசிட்டமால் பற்றாக்குறையால் வருவதில்லை, ஆனாலும் பாராசிட்டமால் போட்டால் போகிறது.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் விஷயத்தில் எவ்வளவு மாத்திரை, எவ்வளவு நம்பிக்கை என்று என்னால் பிரிக்க முடியாது. மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது என்பதே தற்செயலாகத் தெரிந்ததுதான். 1952 வாக்கில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது நோயாளிகளின் மனநிலை எழும்பியதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு அந்த நம்பிக்கையை யாரும் ஊட்டவில்லையே என்று எனக்கு ஒரு வாதம் தோன்றியது. பிறகு யோசித்தால், காசம் குறைகிறது என்றால் யாருக்குத்தான் மனம் எழும்பாது. வாதத்தை வாபஸ் வாங்குகிறேன்.

பிப்ரவரி 10

பேசிவிட்டேன்!!! பதினோரு பேர் கூட்டம், நான்கு நிமிடம், குரல் உடையவில்லை. காது சூடாகவில்லை. மாத்திரை வேலை செய்கிறது.

பிப்ரவரி 11

நேற்றைய ஆச்சரியக்குறிகளில் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். நடந்தது இது: கேமராவை அணைத்து வைத்திருந்தேன். பேச வேண்டியது வரிக்கு வரி எதிரே இருந்தது. கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் "நன்றி" என்று முடித்தேன். இதைப் பேச்சு என்று சொல்வதா, வாசிப்பு என்று சொல்வதா.

ஆனால் ஒரு மாற்றம் உண்மை. வழக்கமாகக் கூட்டம் முடிந்த பிறகுதான் எனக்குக் கூட்டம் ஆரம்பிக்கும். இரவு படுத்ததும் ஒவ்வொரு வாக்கியமும் திரும்ப ஓடும், ஏன் அப்படிச் சொன்னாய், அவர் ஏன் புருவத்தைத் தூக்கினார் என்று. நேற்று இரவு அது ஒரு சுற்று ஓடியது, இரண்டாவது சுற்றில் தூங்கிவிட்டேன். பழைய மாத்திரையில் இது நடந்ததில்லை.

பிப்ரவரி 12

புரோப்ரனோலால் கேட்டவருக்கு: மேடையில் ஏறும் அன்று கை நடுக்கத்துக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் எடுப்பார்கள். அன்றாடக் கூச்சத்துக்கு அது மருந்தல்ல. ஆஸ்துமா இருந்தால் கூடாது. எனக்கு ஆஸ்துமா உண்டு, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 16

ஆறு வாரம் முடிந்தது. பி.எச்.க்யூ-9இல் 14 இப்போது 8. இது நன்றாகவே இருக்கிறது, காலையில் எழுவது ஒரு திட்டமாக இல்லாமல் எழுவதாக இருக்கிறது.

லீபோவிட்ஸ் 73. எட்டுதான் குறைவு. பிரித்துப் பார்த்தேன்: பயம் 43லிருந்து 35. தவிர்ப்பு 38, அப்படியே 38. ஒரு புள்ளி நகரவில்லை. பயம் குறைந்தும் நான் ஓரிடத்துக்கும் கூடுதலாகப் போகவில்லை. பூட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள், நான் உள்ளேயே உட்கார்ந்து "இன்னும் திறக்கவில்லை" என்று இங்கே புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த இரண்டாவது எண்ணுக்கு என்னிடம் மாத்திரை இல்லை" என்றார். சமூகப் பதற்றத்துக்கென்று அங்கீகாரம் பெற்றவை வேறு, பாராக்செட்டின் 1999இலேயே வாங்கியது, பிறகு செர்ட்ராலின், வென்லாஃபாக்சின். வோர்டியாக்செட்டின் 2013இல் வந்தது மனச்சோர்வுக்காக. அவர் எனக்கு இதைக் கொடுத்தது மரத்துப்போனதற்காகவும் சோர்வுக்காகவும்தான், கூச்சத்துக்குக் கிடைத்தால் கொசுறு. முதல் நாளே இதைச் சொன்னாராம். எனக்குக் காதில் விழவில்லை. கூச்சத்துக்கு மனநலப் பயிற்சிதான் முதலில் என்று இங்கிலாந்தின் 2013 வழிகாட்டுதல் சொல்வதையும் அன்றே சொன்னாராம். அந்தப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 4

அளவு 20 ஆனது. குமட்டல் பழைய நண்பன் மாதிரி திரும்பி வந்தது. கூடவே கையில் அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. அதுவும் இந்த மாத்திரையின் பட்டியலில் இருக்கிறதாம்.

மார்ச் 9

குமட்டல் போனது. அரிப்பு சாயந்திரம் மட்டும்.

மார்ச் 13

இரண்டு நாள் மாத்திரை மறந்துவிட்டேன், எதுவும் ஆகவில்லை. இதன் அரை ஆயுள் சுமார் 66 மணி நேரம், அதனால் உடம்பு கண்டுகொள்ளவில்லை. எஸ்சிட்டலோபிராமில் ஒரு நாள் விட்டாலே மறுநாள் சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும்.

"அப்படியென்றால் தினம் எதற்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் பாதிச் செலவு மிச்சமே" என்றவரே, கணக்கில் நீங்கள் கெட்டிக்காரர், ஆனால் உடம்பில் இருக்கும் அளவு மெல்லத்தான் இறங்கும் என்பதற்கும் இறங்காது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. மறந்தது மறதி. அதைத் திட்டமாக்காதீர்கள்.

மார்ச் 27

பயிற்சியில் மூன்றாவது வாரம். இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

முன்பின் தெரியாத ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதைப் படம் பிடிப்பார்கள். முதல் தடவை நான் வழக்கமாகச் செய்கிற தற்காப்பெல்லாம் செய்துகொண்டு பேச வேண்டும். என்ன செய்வேன் என்று பட்டியல் போடச் சொன்னார்கள்: கப்பை இரண்டு கையாலும் பிடிப்பது, அடுத்த வாக்கியத்தை முன்கூட்டியே மனதுக்குள் கோத்து வைப்பது, எதிராளி முகத்தைப் பார்க்காமல் தோள்பட்டையைப் பார்ப்பது. இரண்டாவது தடவை இது எதுவும் கூடாது, கவனம் முழுக்க எதிராளி மேல்.

படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் எப்படித் தெரிவேன் என்று மதிப்பெண் போட வேண்டும். நடுக்கம் 10க்கு 9, முகச் சிவப்பு 8, உளறல் 9 என்று போட்டேன்.

போட்டுக் காட்டினார்கள். கை ஆடவில்லை. தேடிப் பார்த்தேன், நிறுத்திப் பார்த்தேன், ஆடவில்லை. எனக்குள்ளே பூகம்பமாக இருந்தது வெளியே ஒரு கப்பின் தேநீரைக்கூட அசைக்கவில்லை. அதைவிட மோசம், முதல் படத்தில் நான் பார்க்க எப்படி இருந்தேன் என்றால், பயந்தவளாக இல்லை, கர்வக்காரியாக இருந்தேன். முகம் பார்க்காத, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற, சீக்கிரம் போக வேண்டும் என்பது போன்ற ஆள். ஒளிந்துகொள்ள நான் செய்ததுதான் வெளியே தெரிந்தது. இரண்டாவது படத்தில் நடுவில் ஒரு வாக்கியத்தைக் குழப்பிவிட்டுச் சிரித்தேன், எதிரே இருந்தவரும் சிரித்தார். அந்த ஆளோடு நானே பேசலாம் போலிருந்தது.

16 வருட வேலையில் எத்தனை பேர் என்னைக் கர்வக்காரி என்று நினைத்திருப்பார்கள் என்று இரவெல்லாம் எண்ணினேன். (ஆமாம், அதுவும் அந்தத் திரும்ப ஓட்டம்தான்.)

மார்ச் 28

34 வயதுக்கு 16 வருட வேலையா என்று கேட்ட புண்ணியவானே, 12. பதட்டத்தில் எழுதியது.

ஏப்ரல் 12

சங்கடமான குறிப்பு. இந்தப் பக்கத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினேன், பெருமையாகத்தான். குமட்டல், தூக்கம், காது சூடு, எல்லாவற்றுக்கும் தினம் மூன்று தடவை மதிப்பெண் போட்டு வைத்த நோட்டையும் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டத்தில் உங்களை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் தொந்தரவு என்று பேசினோம், இல்லையா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கோபப்பட்டேன். குறிப்பு எழுதவில்லை என்றால் ஜனவரி 24 திருத்தம் வந்திருக்குமா, தவிர்ப்பு 38 அப்படியே இருந்தது தெரிந்திருக்குமா? இரண்டு நாள் கழித்து, அதுவும் சரி, அவர் சொன்னதும் சரி என்று தோன்றியது. வாரம் ஒரு தடவை எழுதியவை எனக்கு உதவியிருக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுதியவை பதற்றத்துக்கு வேலை கொடுத்திருக்கின்றன. நோட்டை அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29

"கடைசியில் மாத்திரை கேட்டதா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்" என்பவர்களுக்கு. லீபோவிட்ஸ் 54. பயம் 30, தவிர்ப்பு 24. பி.எச்.க்யூ-9இல் 5. தவிர்ப்பு 38லிருந்து 24 ஆனது பயிற்சிக்குப் பிறகு. ஆனால் பயிற்சி ஆரம்பித்த அதே வாரத்தில்தான் மாத்திரை 20 ஆனது. எது எதைச் செய்தது என்று பிரிக்க வழியில்லாமல் நானே குழப்பி வைத்திருக்கிறேன். என் ஊகம், ஊகம்தான்: ஜனவரியில் என்னை அந்தக் கேமரா முன் உட்கார வைத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். மாத்திரை என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. பழைய மாத்திரையும் உட்கார வைத்திருக்குமோ என்னவோ.

நன்றாகிவிட்டதே, எப்போது நிறுத்துவாய் என்று கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனக்கு இது இரண்டாவது தடவை என்பதால் டாக்டர் இன்னும் நீட்டுகிறார். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். கரண்ட் அடித்தது மறக்கவில்லை.

ஜனவரி 14 குறிப்பை அழிக்கச் சொன்னவருக்கு: அழிக்க மாட்டேன். ஒன்பதாம் நாளில் இருக்கிற யாராவது தேடிக்கொண்டு வருவார்கள்.

மே 7

வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை வழியனுப்பு. "நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றார்கள். சரி என்றேன். என்ன பேசுவது என்று எழுதி வைக்கவில்லை.

மே 7, பத்து நிமிடம் கழித்து

பொய். எழுதினேன், ஒன்றரைப் பக்கம். வெள்ளிக்கிழமை காலை அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.